பயப்படுகிற நாளில்: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு தம்பி, ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என்னை ஓரமாக அழைத்துப்போனான். "அண்ணே, ஆண்டவர்கிட்ட வந்துட்டா பயம் போயிரும்னு சொன்னாங்க. எனக்குப் போகலையே. ராத்திரி லைட்டை அணைச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குது. எனக்கு விசுவாசமே இல்லையோ?" கடைசிக் கேள்விக்கு வரும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவனை அதிகமாக வாட்டியிருந்தது.

அன்றைக்கு வாசலில் நின்று பத்து நிமிடத்தில் சொன்னதையும், அப்புறம் பல வாரம் அவனோடு உட்கார்ந்து வேதம் வாசித்தபோது பேசியதையும் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அதே கேள்வியோடு இருக்கிற வேறு யாருக்காவது உதவும்.

1. பயமாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளுங்கள்

சாட்சி சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஜெயித்த பிறகுதான் மைக்கைப் பிடிக்கிறார்கள். "அன்றிலிருந்து எனக்குப் பயமே இல்லை" என்று கேட்கும்போது, பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கிற புதியவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வருகிறது. அந்தச் சாட்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேதத்தையும் திறந்து பாருங்கள். 56ஆம் சங்கீதம், 3ஆம் வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

இதைச் சொன்னவர் தாவீது. கோலியாத்தை வீழ்த்திய அதே தாவீது. எப்போது சொன்னார் என்று சங்கீதத்தின் தலைப்பிலேயே இருக்கிறது: பெலிஸ்தர் அவரைக் காத் ஊரில் பிடித்தபோது. கதை 1 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தில் வருகிறது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடியவருக்குப் போக்கிடம் இல்லை. கடைசியில் கோலியாத்தின் சொந்த ஊருக்கே போய்ச் சேருகிறார். அந்த ஊர் ராஜாவின் ஆட்கள் தன்னை அடையாளம் கண்டுகொண்டது தெரிந்ததும் மிகவும் பயந்துபோய், பைத்தியக்காரன் மாதிரி நடித்து, வாசல் கதவுகளைக் கீறிக்கொண்டு, தாடியில் எச்சில் ஒழுக நிற்கிறார்.

பயம் முழுசாக இருக்கிற நாளிலேயே தாவீது நம்புகிறார். பயம் போகட்டும், அப்புறம் நம்பலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல நினைப்பது முக்கியமாக இதைத்தான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

"பயப்படாதே என்று வேதத்தில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று" என்று நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உட்கார்ந்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. வராவிட்டால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள்: மீதியானியருக்குப் பயந்து ஆலைக்குள் ஒளிந்து கோதுமையைப் போரடித்த கிதியோனிடம், கொரிந்துவில் பவுலிடம். எல்லோரும் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர்கள். இடி இடிக்கும்போது அழுகிற பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு "பயப்படாதடா" என்று சொல்லும் அம்மாவின் குரலில் அதை வாசியுங்கள். வாத்தியார் பிரம்பை ஓங்கிச் சொல்கிற மாதிரி வாசிக்காதீர்கள்.

2. எதற்குப் பயம் என்று எழுதுங்கள்

ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டுப் போதும். "பயமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் உதவாது. "திங்கட்கிழமை ஸ்கேன் ரிசல்ட் வருகிறது. கட்டி என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?" என்கிற அளவுக்கு எழுதுங்கள். எழுதியதை ஆண்டவருக்கு முன்னால் வாய்விட்டு வாசியுங்கள். அதுவே ஜெபம். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களைத் தேவனுக்குத் "தெரியப்படுத்துங்கள்" என்கிறது. அவருக்கு ஏற்கெனவே தெரியும்தான். ஆனாலும் வாயால் சொல்லும்போது நம் தொண்டையை அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இறங்குகிறது. அதை எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் தம்பி எழுதிய முதல் பக்கத்தைக் காட்டினான். நான்கு வரிதான். மூன்றாவது வரி: "அம்மா நான் சர்ச்சுக்குப் போறதால பேசுறதில்ல. அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா என்னாலதான்னு சொல்வாங்க." அதுவரை இருட்டுக்குத்தான் பயப்படுகிறான் என்று அவனே நினைத்திருந்தான்.

3. வார்த்தை வராதபோது 13ஆம் சங்கீதத்தை எடுங்கள்

எங்கே வாசிக்க ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். ஆறே வசனம். மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும்.

முதல் இரண்டு வசனமும் முறையீடு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. இரண்டு வசனத்துக்குள் அந்த "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. தேவனிடம் இப்படிப் பேசலாமா என்று உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் இது ஆராதனையில் பாடுவதற்கென்று இராகத் தலைவனிடம் கொடுக்கப்பட்ட பாட்டு. சபையே சேர்ந்து பாடிய முறையீடு. இந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் நோட்டில் எழுதியதை உங்கள் சொந்தப் பேச்சில் சொல்லுங்கள். திருநெல்வேலித் தமிழோ மட்டக்களப்புத் தமிழோ, எது வருகிறதோ அது. "எவ்வளவு நாளைக்கு ஆண்டவரே இப்படி" என்றால் போதும்.

அடுத்த இரண்டு வசனமும் விண்ணப்பம். "என் கண்களைத் தெளிவாக்கும்" என்கிறார் தாவீது. இங்கே ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். பட்டியல் வேண்டாம். இன்று இரவுக்குத் தேவையான ஒன்று. கடைசி இரண்டு வசனத்தில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. நான்காவது வசனத்துக்கும் ஐந்தாவது வசனத்துக்கும் நடுவில் தாவீதின் நிலைமை மாறியதாக ஒன்றும் சொல்லவில்லை. சத்துரு அங்கேயேதான் இருக்கிறான். அவர் முறையிட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான்.

சில ராத்திரிகளில் உங்களால் ஐந்தாவது வசனத்துக்குப் போக முடியாது. பரவாயில்லை, நான்காவதோடு நிறுத்திவிட்டுப் படுங்கள். 88ஆம் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. அது இருளிலேயே ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, ஒரு வரிகூடத் திரும்புவதில்லை. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் புரியவில்லை என்றால் 1995இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். "சஞ்சலம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே ஜெபம் நின்றுபோக வேண்டாம்.

4. 91ஆம் சங்கீதத்தைத் தாயத்து ஆக்காதீர்கள்

"உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" என்று தொடங்கும் அந்தச் சங்கீதம் நம் வீடுகளில் காலண்டரிலும் காரின் பின்கண்ணாடியிலும் இருக்கும். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் வேதாகமத்தை அந்தப் பக்கத்தில் திறந்து தலையணைக்குக் கீழே வைத்தால் ஒன்றும் அண்டாது என்று நினைக்கும்போது, முன்பு கையில் கட்டியிருந்த கயிற்றின் இடத்துக்குப் புத்தகம் வந்திருக்கிறது; பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் வைக்க மறந்தால் தூக்கம் வராது.

வனாந்தரச் சோதனையில் பிசாசு இயேசுவிடம் எடுத்துக்காட்டிய வசனமே இந்தச் சங்கீதத்தில் உள்ளதுதான். ஆலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்றான். இயேசு குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று எழுதியிருக்கிறதே என்றார் (மத்தேயு 4). வாக்குத்தத்தத்தை வைத்துத் தேவனைக் கட்டாயப்படுத்தலாம் என்பது சோதனைக்காரனின் வாசிப்பு. அவரை நம்பி அவரிடம் இருப்பது பிள்ளையின் வாசிப்பு. அதனால் 91ஐ மெதுவாக வாசியுங்கள், ஒரு ஆளிடம் பேசுகிற மாதிரி. புத்தகம் மேஜைமேலேயே இருக்கட்டும்.

5. செய்வினை, சாபம் என்கிற பயங்கள்

இதைப் பற்றிச் சபையில் வெளிப்படையாகப் பேசுவது குறைவு. வீட்டில் காதோடு காதாகப் பேசுவது அதிகம். யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள், எலுமிச்சம்பழம் கிடந்தது, மூன்று தலைமுறையாக இந்தக் குடும்பத்தில் இப்படித்தான் என்கிற பயம், ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே கழன்று விழுவதில்லை. எபேசு பட்டணத்தில் விசுவாசித்தவர்களுக்கும் இதே பின்னணிதான். மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்பாக எரித்தார்கள். அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. சர்வாயுதவர்க்கத்தை, அதாவது தேவன் தரும் முழுக் கவசத்தைப் பற்றிய எபேசியர் 6ஆம் அதிகாரம் அந்தச் சபைக்கு எழுதியது என்று தெரிந்து வாசித்தால் வேறு மாதிரி இருக்கும். அதில் திரும்பத் திரும்ப வருகிற வேலை நிற்பது. பிசாசைத் தேடிப்போய்ச் சண்டை போடச் சொல்லவில்லை. அந்தக் கவசமும் உங்கள் முயற்சியில் செய்தது கிடையாது, தேவனுடையது. நீதி என்கிற மார்க்கவசத்தையும் இரட்சிப்பு என்கிற தலைச்சீராவையும் ஏசாயா 59இல் கர்த்தரே அணிந்திருக்கிறார். தான் போட்டிருந்ததைத்தான் உங்களுக்குத் தருகிறார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். என் அம்மா நோயில் படுத்திருந்தபோது ஒருவர் வீட்டுக்கு வந்து, "இந்த வீட்ல ஒரு சாபம் இருக்கும்மா, நாற்பது நாள் ஜெபம் நடத்தி முறிக்கணும்" என்று சொல்லி, அதற்கு எவ்வளவு காணிக்கை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யார் செய்த பாவம் என்று பழைய கதைகளையெல்லாம் கிளறி அழுதுகொண்டிருந்தாள். தீர்க்கதரிசனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் யாராவது உங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் இதைப் பாருங்கள்: அது உங்களைத் தேவனிடம் ஓட வைக்கிறதா, சொன்னவரிடமே மறுபடி மறுபடி ஓட வைக்கிறதா? இரண்டாவது என்றால் அந்த வார்த்தையை அங்கேயே விட்டுவிடலாம். பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம். உங்கள் போதகரிடமோ, உங்களை நன்றாகத் தெரிந்த மூத்த விசுவாசியிடமோ அன்றே சொல்லிவிடுங்கள்.

6. சாப்பிடுங்கள், தூங்குங்கள்

1 ராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணி அனுப்பிய ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அவருக்குப் பிரசங்கம் அனுப்பவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் திட்டவில்லை. இரண்டாவது தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அமர்ந்த மெல்லிய சத்தம், இங்கே உனக்கு என்ன காரியம் என்கிற விசாரிப்பு, எல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று இந்த அதிகாரத்தை நான் கண்ணால் பார்த்தேன். தியேட்டருக்கு வெளியே இரும்பு நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வாயைத் திறந்தால் "ஆண்டவரே" என்பதற்குமேல் எதுவும் வரவில்லை. மதியத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபை மூப்பர் ஒருவர் வந்தார். கையில் ஒரு டிபன் கேரியர். மேல் தட்டில் நான்கு இட்லி, கீழ்த் தட்டில் சாம்பார். மூடியைக் கழற்றி என் மடியில் வைத்து, "நீ இப்ப ஜெபிக்க வேண்டாம். நான் ஜெபிக்கேன், நீ சாப்பிடு" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என்ன ஜெபித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இட்லியின் சூடு ஞாபகம் இருக்கிறது.

ஆகவே, புதிதாக வந்த உற்சாகத்தில், பயத்தை விரட்ட உடனே மூன்று நாள் உபவாசம் என்று இறங்காதீர்கள். ஏற்கெனவே தூக்கம் கெட்டு, உடம்பு நடுங்கிக்கொண்டிருக்கும்போது அது வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் போனில் ஆவிக்குரிய யுத்தம் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பதையும் நிறுத்துங்கள்.

7. டாக்டரிடம் போவது அவிசுவாசம் இல்லை

நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், வாரக்கணக்காகத் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாம் உடம்பும் மனமும் கேட்கிற உதவியாக இருக்கலாம். முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அவர் சொன்னால் மனநல மருத்துவரிடம் போங்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். "பிரியமான வைத்தியன்" என்றே கொலோசெயர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். மாத்திரை சாப்பிடுகிறவரிடம் யாராவது "விசுவாசம் இருந்தா இதை விட்டுருவீங்க" என்று சொன்னால் கேட்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்துவது ஆபத்து.

லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரபலமான பிரசங்கியார் இருந்தார். 1856 அக்டோபர் 19 அன்று அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று கத்த, கூட்ட நெரிசலில் 7 பேர் இறந்துபோனார்கள். அவருக்கு அப்போது 22 வயது. அந்த அதிர்ச்சியும் மனச்சோர்வும் அவரை வாழ்நாள் முழுதும் விட்டுவிட்டு வருத்தின. பிரசங்க பீடத்தில் நின்றே அதைப் பற்றி அவர் பேசியிருக்கிறார். விசுவாசம் குறைந்தவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், நேரம் பார்க்காதீர்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, இரண்டும் மனநல உதவிக்கான அரசு எண்கள்.

8. ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம் சீஷரில் மூன்று பேரைத் தம்மோடு கூட்டிக்கொண்டு போனார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். தேவகுமாரனே தன் வேதனையை நண்பர்களிடம் சொல்லும்போது, நாம் மட்டும் ஏன் யாரிடமும் சொல்லாமல் சமாளிக்க வேண்டும்? அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது உண்மை. மனிதர்கள் சில சமயம் தூங்கிவிடுவார்கள். அதற்காக அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. அன்று அவர் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமே என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பவுலும் அப்படித்தான். "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று ஒளிக்காமல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 7:5). அடுத்த வசனத்தில் தேவன் அவருக்கு ஆறுதல் செய்தது எப்படி? அவருடைய உடன் ஊழியன் தீத்து வந்து சேர்ந்ததினாலே. உங்கள் தீத்து யார் என்று யோசித்து, பயம் இல்லாத ஒரு நாளிலேயே அவரிடம் கேட்டுவையுங்கள்: "ராத்திரி ரொம்ப பயமாயிருந்தா ஒரு மெசேஜ் போடலாமா?"

9. நாளைக்கு என்பதில் ஒரு சின்ன பங்கு மட்டும்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றன்றைக்குக் கொடுத்த ஆகாரம் மன்னா; அதை மறுநாளைக்கு என்று எடுத்துவைத்தவர்களின் பாத்திரத்தில் புழு வைத்தது. கிருபையும் அன்றன்றைக்குத்தான் வருகிறது. அடுத்த வருடத்துப் பயத்துக்கு இன்றைக்குப் பலம் கேட்டால் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று இன்னும் பயம் வரும். எருசலேமின் மதிலைக் கட்டின நெகேமியாவைப் பாருங்கள், எதிரிகள் மிரட்டியபோது ஜெபம்பண்ணினார், காவலும் வைத்தார். நோட்டில் எழுதிய பயத்துக்குப் பக்கத்தில், நாளைக்கு உங்களால் செய்ய முடிந்த ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். போன் பண்ணுவது, ரிப்போர்ட்டை எடுத்துவைப்பது, மன்னிப்புக் கேட்பது. தம்பி எழுதியது: "அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கணும்." பேசாவிட்டாலும் மாத்திரையை வாங்கிக்கொண்டாள் என்று அடுத்த ஞாயிறு வந்து சொன்னான்.

இன்று இரவு

படுப்பதற்குமுன் நோட்டில் ஒரு பத்தி எழுதுங்கள். 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். விளக்கு வேண்டுமானால் எரியட்டும், அதில் பாவம் ஒன்றுமில்லை. படுத்த பிறகு சொல்ல ஒரே வசனம், சங்கீதம் 4:8: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." மூச்சை இழுக்கும்போது முதல் பாதி, விடும்போது மறுபாதி. நடுவில் எண்ணம் ஓடினால் திரும்ப ஆரம்பியுங்கள். நம்ப முடியவில்லை என்றால், மாற்கு 9இல் பிள்ளையைக் கொண்டுவந்த அந்தத் தகப்பன் கண்ணீரோடு கத்தியதைச் சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அந்த அரைகுறை விசுவாசத்தைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார்.

தம்பி இப்போதும் சில ராத்திரி எனக்கு மெசேஜ் போடுவான். முன்பு பத்து வரி வரும். இப்போது "56:3" என்று எண் மட்டும்தான் வருகிறது. நான் "4:8" என்று பதில் போட்டுவிட்டு, அவனுக்காக ஜெபித்துவிட்டுப் படுப்பேன்.